அப்பா பாலத்தில் வண்டி ஓட்டமாட்டார்: ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்களுக்கு மதுரைப் பக்கம் மனநல சிகிச்சை உண்டா?

பேரையூர்ப்பொண்ணு | ஞாயிறு, இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா 24 வருட சர்வீஸ் முடித்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இடையில் இரண்டு தடவை காஷ்மீரில் ராஷ்ட்ரிய ரைபிள்ஸ், தீவிரவாதிகளை எதிர்க்கிற ராணுவப் பிரிவு. வந்த பிறகு மதுரையில் ஒரு ஏடிஎம்மில் இரவுக் காவல் வேலை பார்த்தார். போன வருடம்தான் அதையும் விட்டார்.

எங்கள் ஊரிலிருந்து டி.கல்லுப்பட்டி போகிற வழியில் ஒரு சின்னப் பாலம். பாலம் என்றுகூடச் சொல்ல முடியாது, ரோட்டுக்கு அடியில் இரண்டு சிமென்ட் குழாய், அவ்வளவுதான். அப்பா அதன் மேல் வண்டி ஓட்டமாட்டார். கொஞ்சம் முன்னாலேயே வண்டியை ஓடைக்குள் இறக்கி, கருவேல மரங்களுக்கு நடுவே ஓட்டிப்போய் அந்தப் பக்கம் ஏறுவார். ஐப்பசியில் ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் அன்றைக்குக் கல்லுப்பட்டி கிடையாது, அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவார். பள்ளிக்கூடம் படிக்கும்போது பின்னால் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டு போவது எங்களுக்கு விளையாட்டாக இருந்தது. போன மாதம் என் வீட்டுக்காரர் காரில் கூட்டிக்கொண்டு போனார். பாலம் கிட்ட வந்ததும் ஓடுகிற காரின் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

தூக்கம் கிடையாது. நடுராத்திரியில் எழுந்து கொல்லைக்கதவுத் தாழ்ப்பாளைப் பார்ப்பார், வந்து படுப்பார், மறுபடி எழுந்து பார்ப்பார். அம்மா அவரைத் தொட்டு எழுப்பமாட்டாள். நிலைப்படி கிட்ட நின்றுகொண்டு "இந்தா பாருங்க, விடிஞ்சிருச்சு" என்று குரல் மட்டும்தான் கொடுப்பாள். ஒரு தடவை தோளைத் தொட்டு எழுப்பியதில் கையை முறுக்கிவிட்டார். அதற்காக அன்று முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

இரவில் கேன்டீன் ரம், அதன் மேல் ஒரு தூக்க மாத்திரை. மாத்திரை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது. "வயசானால் தூக்கம் குறையத்தான் செய்யும்" என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அந்தப் பழைய சீட்டைக் காட்டியே இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

பெரியம்மா கோடாங்கியிடம் கேட்டுவிட்டு வந்து, காத்துக்கருப்பு என்கிறாள். டாக்டர் என்றால் அப்பா, "எனக்கென்ன கிறுக்கா?" என்று எழுந்து போய்விடுகிறார். இது என்ன? எங்கே கூட்டிப்போவது? அவரிடம் எப்படிப் பேசுவது?

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 10:05

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் தாத்தா பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். ஒன்றும் ஆகவில்லை, தொண்ணூறு வரைக்கும் கல் மாதிரி இருந்தார். இந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். போருக்குப் போனவனுக்கு மனவியாதி என்பது அமெரிக்காக்காரன் மாத்திரை விற்க உண்டாக்கியது. அப்பாவை நாலு இடம் கூட்டிப்போங்கள், தோட்டத்தில் ஒரு வேலை கொடுங்கள், சரியாகிவிடும்.

ஓய்வுசுபேதார் | ஞாயிறு, இரவு 11:20

மகளே, பாலத்துக்கு நான் பதில் சொல்கிறேன், மற்றதை டாக்டர்மார் சொல்லட்டும்.

காஷ்மீரில் ஆர்.ஓ.பி. என்று ஒரு டூட்டி உண்டு. ரோடு திறக்கிற பார்ட்டி. காலையில் கான்வாய் கிளம்புவதற்கு முன்னால் ரோட்டை நடந்தே அலசவேண்டும். கண்ணிவெடி வைக்க வாட்டமான இடம் எது தெரியுமா? ரோட்டுக்கு அடியில் போகிற குழாய்தான். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் குனிந்து பார்க்கவேண்டும். புதுசாக மண் கிளறியிருக்கிறதா, ஒயர் தெரிகிறதா, நேற்று இல்லாத கல் இன்றைக்கு இருக்கிறதா என்று. நன்றாகப் பார்த்த நாளில் யாரும் பாராட்டமாட்டார்கள். ஒரே ஒரு நாள் விட்டால் பின்னால் வருகிற லாரியில் இருக்கிறவன் போய்விடுவான். அந்த டூட்டியில் இருந்தவன் இருபது வருடம் கழித்துக் கல்லுப்பட்டி ரோட்டில் குழாயைப் பார்த்தாலும் கால் தானாகப் பிரேக்குக்குத்தான் போகும்.

உங்கள் அப்பாவுக்குக் கிறுக்கு இல்லை. அங்கே உயிரைக் காப்பாற்றிய பழக்கம் ஊருக்கு வந்த பிறகும் அணையவில்லை.

வைகைக்கரை தம்பிக்கு ஒரு கேள்வி. தாத்தா கல் மாதிரி இருந்தார் என்று உங்களிடம் சொன்னது தாத்தாவா, பாட்டியா? பாட்டியைக் கேட்டிருந்தால் வேறு கதை வந்திருக்கலாம்.

ஜில்ஜில்ஜிகர்தண்டா | திங்கள், காலை 7:15

நான் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர், மதுரையில்தான். பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், கல்லூரியில் வைத்தது.

முதலில் ஒன்று. இணையத்தில் படித்துவிட்டு யாரும் நோயை முடிவு செய்யமுடியாது, நானும் செய்யமாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் பி.டி.எஸ்.டி. இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும். நடந்தது திரும்பத் திரும்ப மனதில் வருவது, அதை நினைவூட்டுகிற இடத்தை ஒதுக்குவது, எப்போதும் உஷாராக இருப்பது, மனம் மரத்துப்போவது. இந்த நான்கு வகையிலும் அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் கெடுத்தால் அந்தப் பெயர். தமிழில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று எழுதுவார்கள். ஓ.பி.யில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

வைகைக்கரை சார், 1915லேயே பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் ஷெல் ஷாக் என்று இதை எழுதிவிட்டார். வியட்நாம் போருக்குப் போய் வந்தவர்கள் போராடிய பிறகு 1980ல்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் பி.டி.எஸ்.டி. ஏறியது. இதற்கான மாத்திரைகளுக்கு அங்கே அனுமதி கிடைத்தது அதற்கு வெகுகாலம் கழித்து. ஆகவே மாத்திரைக்காக வியாதி என்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

ஆனால் உங்கள் தாத்தா விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். வியட்நாம் வீரர்களிடம் 1980களில் நடந்த பெரிய கணக்கெடுப்பில், ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 31 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வந்திருந்தது என்றார்கள். அதே தரவை ராணுவப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு 2006ல் மறுபடி ஆராய்ந்தபோது அது 19க்குக் கொஞ்சம் கீழே இறங்கியது. எதை எடுத்துக்கொண்டாலும் போருக்குப் போனவர்களில் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை. வராதவர் பலசாலி, வந்தவர் கோழை என்றும் ஆகாது. யார் எதைப் பார்த்தார், எத்தனை நாள் பார்த்தார், திரும்பி வந்தபோது யார் இருந்தார்கள் என்பதுதான் அதிகம் தீர்மானிக்கிறது.

எங்கே போவது என்பதை மதியம் எழுதுகிறேன். ஓ.பி. நேரம் ஆகிவிட்டது.

சிம்மக்கல்_மருந்துக்கடை | திங்கள், காலை 10:30

அக்கா, மாத்திரை பெயர் என்ன? அட்டையில் அல்பிரசோலம் அல்லது குளோனசெபாம் என்று இருந்தால் கவனம். ரம்மோடு சேர்ந்தால் மூச்சு மட்டுப்படும். தூக்கத்திலேயே ஆள் போனதும் உண்டு. பழைய சீட்டுக்கு இதையெல்லாம் கொடுக்கவே கூடாது. கொடுக்கிற கடைகள் இருக்கின்றன என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அதற்காக இன்றைக்கே பிடுங்கி வைத்துவிடாதீர்கள். இரண்டுமே திடீரென்று நிறுத்தினால் ஆபத்து.

பேரையூர்ப்பொண்ணு | திங்கள், காலை 11:02

அல்பிரசோலம்தான். அம்மா ஏற்கெனவே ஒரு தடவை பாட்டிலை ஒளித்துவைத்தாள். இரண்டாம் நாள் கை நடுங்கி, வியர்த்துக்கொட்டி, சுவரில் யாரோ ஏறுகிறார்கள் என்றார். பயந்துபோய்த் திரும்பக் கொடுத்துவிட்டாள். பெரியம்மா கோடாங்கிக்குப் போனதே அதற்குப் பிறகுதான்.

ஜில்ஜில்ஜிகர்தண்டா | திங்கள், மதியம் 2:10

நல்லவேளை இதைச் சொன்னீர்கள். அது காத்தும் இல்லை கருப்பும் இல்லை. தினமும் குடிக்கிற உடம்புக்குச் சரக்கு நின்றுபோனால் இரண்டு மூன்று நாளில் வருகிற குழப்பம் அது. வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்து. அதனால் குடி நிறுத்துவது டாக்டர் மேற்பார்வையில் மட்டும்தான். தேவைப்பட்டால் சில நாள் வார்டில் சேர்த்து, வைட்டமின் பி1 ஊசியெல்லாம் போட்டு நிறுத்துவார்கள். முதல் தடவை டாக்டரைப் பார்க்கும்போதே இந்த நடுக்கக் கதையை அம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள். அப்பா சொல்லமாட்டார்.

இனி இடம். அப்பாவிடம் ஈ.சி.எச்.எஸ். அட்டை இருக்கும். 2003 ஏப்ரலில் வந்த மருத்துவத் திட்டம், ஓய்வூதியம் வாங்குகிற முன்னாள் படைவீரருக்கும் குடும்பத்துக்கும். மதுரையில் பாலிகிளினிக் இருக்கிறது. அங்கே மருத்துவ அதிகாரி பார்த்து, மனநல மருத்துவருக்குப் பரிந்துரை எழுதிக் கொடுப்பார். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கு அதைக் கொண்டு போகலாம். பரிந்துரை இல்லாமல் நேரே போனால் பில் உங்கள் தலையில்தான் விழும். அவசரம் என்றால் மட்டும் விதிவிலக்கு.

அது இழுக்கும் என்று தோன்றினால் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவு. காசு கிடையாது, பரிந்துரையும் வேண்டாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே சீட்டுப் போடுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட கிழமைகளில் மனநல மருத்துவர் வருகிறார். உங்களுக்கு எது பக்கமோ அங்கே கிழமையைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

அடுத்து, எப்படிப் பேசுவது. இதில் என் கருத்து உறுதியானது, சிலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அவரிடம் மனநலம், பி.டி.எஸ்.டி. என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். தூக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தூக்கம் இல்லை என்று ஒத்துக்கொள்வதில் எந்தப் பட்டாளத்துக்காரருக்கும் மானக்கேடு இல்லை. "பி.பி.யும் பார்க்கவேண்டும், தூக்கத்துக்கும் கேட்டுவிட்டு வரலாம்" என்றால் வண்டியில் ஏறுவார். இதில் பொய் எதுவும் இல்லை. தூக்கமும் கெட்ட கனவும் இந்த நோயின் நடுமையத்தில்தான் இருக்கின்றன. உள்ளே போன பிறகு மற்றதை டாக்டர் கேட்டுக்கொள்வார்.

தல்லாகுளம்_தம்பி | திங்கள், மாலை 6:40

அமெரிக்காவில் எம்.டி.எம்.ஏ. என்ற போதைமருந்தைக் கொடுத்து முன்னாள் ராணுவத்தினரைக் குணப்படுத்துகிறார்களாமே? மூன்றே தடவையில் சரியாகிறதாம், யூடியூபில் பார்த்தேன். அது இங்கே எப்போது வரும்?

ஜில்ஜில்ஜிகர்தண்டா | திங்கள், இரவு 8:55

தம்பி, 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அதற்கு அனுமதி மறுத்து, இன்னொரு பெரிய சோதனை நடத்திக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டது. இந்தியாவில் அது சட்டவிரோதப் போதைப்பொருள். விட்டுவிடுங்கள்.

இங்கேயே கிடைக்கிறதை எழுதுகிறேன், இதுதான் முக்கியம். மாத்திரையில் செர்ட்ராலின், பராக்ஸெடின், வென்லாபாக்சின் மூன்றுக்கும் நல்ல ஆதாரம் உண்டு. மூன்றுமே மதுரையில் கிடைக்கும், விலையும் கட்டுப்படியானது. வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரம் வயிற்றைப் புரட்டும். பாதிப் பேர் அங்கேயே விட்டுவிட்டு, "பார்த்தேன், கேட்கவில்லை" என்கிறார்கள். அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் 2023 சிகிச்சை வழிகாட்டி, அல்பிரசோலம் வகை மாத்திரைகளை இந்த நோய்க்குக் கொடுக்கவேண்டாம் என்றே சொல்கிறது. நம் ஊரிலோ ஓய்வுபெற்றவர் பலருக்குக் கிடைத்திருக்கிற ஒரே சிகிச்சை அதுதான். எனக்கு எரிச்சல் வருகிற இடம் இது.

கெட்ட கனவுக்குப் பிரசோசின் என்று பழைய பி.பி. மாத்திரை ஒன்று கொடுப்பார்கள். 2018ல் 304 முன்னாள் படைவீரர்களை வைத்து நடந்த பெரிய சோதனையில் அது வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. ஆனாலும் சிலருக்குக் கேட்கிறது என்பதால் கனவுக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்று அதே வழிகாட்டி விட்டுவைத்திருக்கிறது. அப்பா பி.பி.க்கு மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லிவிடவேண்டும். முதல் நாள் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு.

மாத்திரையைவிட அந்த வழிகாட்டி முன்னால் வைப்பது பேச்சு சிகிச்சையை. அதில் ஒரு வகை, ஒதுக்குகிற இடத்துக்கே படிப்படியாகப் போவது. அப்பா விஷயத்தில் முதல் வாரம் தூரத்தில் நின்று குழாயைப் பார்ப்பார். அடுத்து கிட்டப் போவார், பிறகு மேலே நிற்பார். மனம் படபடத்துத் தானாக இறங்கும் வரை அங்கேயே இருக்கவேண்டும், அதுதான் மருந்து. கூடவே நடந்ததை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். எட்டு முதல் பதினைந்து அமர்வுகள். இதை நீங்களே வீட்டில் ஆரம்பிக்காதீர்கள், பயிற்சி பெற்றவர் கூட இருக்கவேண்டும். இன்னொரு வகை, "என்னால்தான் அவன் செத்தான்" மாதிரியான எண்ணங்களை எடுத்து வைத்து அலசுவது, பன்னிரண்டு அமர்வு. கண்ணை இடமும் வலமும் அசைக்கவைத்துச் செய்கிற ஈ.எம்.டி.ஆர். மூன்றாவது.

நம் பக்கத்துக்கு வாட்டமானது என்று நான் நினைப்பது நான்காவது ஒன்று. எழுத்து சிகிச்சை. ஐந்தே அமர்வு. நடந்த சம்பவத்தைக் கையால் அரைமணி நேரம் எழுதவேண்டும், எழுதியதைப் பற்றிச் சிகிச்சையாளர் கொஞ்சம் பேசுவார். வீட்டுப்பாடம் எதுவும் இல்லை. 2018ல் வந்த ஆய்வில் பன்னிரண்டு அமர்வு சிகிச்சைக்கு இது குறைந்துபோகவில்லை, பாதியில் ஓடியவர்களும் குறைவு. பேரையூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவரை ஐந்து வாரம் வரவைக்கலாம், பதினைந்து வாரம் முடியாது. அதனால் டாக்டரிடம் போகும்போது "பேச்சு சிகிச்சை யார் செய்கிறார்கள்?" என்று நீங்களாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் கூட்டத்தில் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள்.

எல்லாருக்கும் முழுதாகச் சரியாகுமா என்றால் ஆகாது. ராணுவத்தினரிடம் நடந்த சோதனைகளை 2015ல் தொகுத்துப் பார்த்தார்கள். இந்தப் பேச்சு சிகிச்சைகளுக்குப் பிறகும் மூன்றில் இரண்டு பேருக்கு நோயின் பெயர் போகவில்லை. ஆனால் ஏறக்குறைய பாதியிலிருந்து எழுபது சதவீதம் பேருக்குத் தொந்தரவு கண்கூடாகக் குறைந்தது. அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்க முடிந்தால் அது சின்ன விஷயமா?

கருப்பாயூரணி | செவ்வாய், காலை 6:30

என் வீட்டுக்காரர் சி.ஆர்.பி.எப்., சத்தீஸ்கரில் இருந்தவர். எங்களுக்கு ஈ.சி.எச்.எஸ். கிடையாது. துணை ராணுவம் முன்னாள் படைவீரர் கணக்கில் வராதாம். கண்ணிவெடிக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியவில்லை. நாங்கள் பெரியாஸ்பத்திரியில்தான் பார்த்தோம், பரவாயில்லை. இப்போது செர்ட்ராலின் போய்க்கொண்டிருக்கிறது, சத்தம் குறைந்திருக்கிறது.

இன்னொன்று, அந்த ஏடிஎம் இரவு வேலை. இவரும் பார்த்தார். தூக்கம் கெட்ட மனிதரை இரவெல்லாம் முழித்திருக்கச் சொல்லிச் சம்பளம் கொடுக்கிற வேலை அது. ஓய்வுபெற்று வருகிறவர்களுக்கு நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கிறது அது ஒன்றுதான். டாக்டரே முதலில் அதைத்தான் விடச்சொன்னார்.

வைகைக்கரை | செவ்வாய், காலை 9:12

சரி, மாத்திரைக் கம்பெனி விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பெரிய வருத்தம் ஒன்று இருக்கிறது. இதெல்லாம் தெரிந்திருந்தும் ராணுவம் சர்வீஸில் இருக்கும்போதே ஏன் பார்ப்பதில்லை? அனுப்பிவிட்டு ஊர்க்காரன் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

ஓய்வுசுபேதார் | செவ்வாய், மதியம் 1:45

பார்க்காமல் இல்லை தம்பி. யூனிட்டில் கவுன்சலிங் உண்டு, ராணுவ மருத்துவமனையில் மனநல டாக்டரும் உண்டு. டெலி மானஸ் என்கிற அரசு மனநலத் தொலைபேசி உதவியில் ராணுவத்துக்கென்றே தனிப்பிரிவை 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் திறந்தார்கள். சிக்கல் வேறு இடத்தில். எங்கள் உடல்தகுதிக்கு ஷேப் என்று ஐந்தெழுத்து உண்டு. அதில் முதல் எழுத்து எஸ், மனநிலைக்கு. அது ஒன்றாம் தரத்திலிருந்து இறங்கினால் லோ மெடிக்கல் கேட்டகிரி. பிரமோஷன் நிற்கும், கோர்ஸ் நிற்கும், சர்வீஸை நீட்டித்துத் தருவதும் சிக்கலாகும். பிள்ளை பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருக்கும்போது எந்த நாயக் போய் "தூக்கம் வரலை சாப்" என்று சொல்வான்? கால் முறிந்தால் சொல்வான். இதைச் சொல்லமாட்டான். பென்ஷன் வந்த பிறகுதான் வெளியே வரும், அதற்குள் ரம் பழகியிருக்கும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இத்தனை வருடம் எங்கும் எழுதாதது. நான் 1988, 89ல் யாழ்ப்பாணத்தில், இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படையில் இருந்தேன். தமிழ் தெரிந்தவன் என்பதால் வீடு சோதனை என்றால் என்னைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். கதவைத் திறக்கிற அம்மா என் தமிழைக் கேட்டதும் "தம்பி" என்பாள். பின்னால் நிற்கிறவன் சொல்வதை நான் அவளுக்குத் தமிழில் சொல்லவேண்டும், "பையன் எங்கே? வெளியே கூப்பிடு" என்று. அவள் என்னைத்தான் கெஞ்சுவாள், ஆபீசரை இல்லை. எனக்குக் குண்டுச் சத்தமெல்லாம் மறந்துவிட்டது. அந்தத் "தம்பி" மறக்கவில்லை.

1990 மார்ச்சில் திரும்பி வந்தோம். சென்னையில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கலைஞர் வரவில்லை. அவர் செய்தது சரியா தப்பா என்று பேச நான் வரவில்லை, அவருக்கு அவர் காரணம். ஊருக்கு வந்தால் டீக்கடையில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் எந்தப் போருக்குப் போய்வந்தேன் என்று வீட்டில்கூடப் பேச முடியாமல் போயிற்று.

உசிலை_சிங்கம் | செவ்வாய், மதியம் 2:20

அவர் வராததுதான் சரி. அமைதிப்படை அங்கே போய் என்ன செய்தது என்று

மட்டுறுத்துநர் | செவ்வாய், மதியம் 2:31

மேலே உள்ள பதிவைப் பாதியில் வெட்டியிருக்கிறேன். ஈழ அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள். இங்கே ஒரு மகள் அப்பாவுக்கு வழி கேட்டிருக்கிறார்.

யாருக்காவது உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து வைக்கலாம். பூச்சிமருந்தையும் வீட்டை விட்டு வெளியே பூட்டிவையுங்கள்.

ஜில்ஜில்ஜிகர்தண்டா | செவ்வாய், இரவு 9:30

சுபேதார் ஐயா, எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்னதுக்கு ஆய்வில் இரண்டு இடத்தில் பதில் இருக்கிறது.

2000ல் கிறிஸ் பிரூவின் குழு 77 ஆய்வுகளைச் சேர்த்து, யாருக்கு இந்த நோய் தங்குகிறது என்று பார்த்தது. படிப்பு, வயது, முன்பே இருந்த மனநோய் எல்லாம் கொஞ்சம்தான் காரணம். சம்பவத்துக்குப் பிறகு சுற்றியிருக்கிறவர்களின் ஆதரவு இல்லாமல் போனது அவற்றைவிட வலுவான காரணமாக வந்தது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களுக்கும் இதே கதைதான். கார்கிலிலிருந்து வந்தவனுக்கு 1999ல் ஊரே மாலை போட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவனுக்கு டீக்கடையே வாயை மூடியது.

இரண்டாவது, பயம் வேறு, குற்றவுணர்ச்சி வேறு. பாஸ்டனில் வியட்நாம் வீரர்களைப் பார்த்துவந்த ஜொனாதன் ஷே என்ற மனநல மருத்துவர் 1990களில் இதைப் பிரித்துக் காட்டினார். தன் மனசாட்சிக்கு விரோதமான காரியத்தில் நின்றவனுக்கு வருகிற காயம் அது. பாலத்துப் பயத்துக்குச் செய்கிற சிகிச்சை அதற்கு அப்படியே பொருந்தாது. யாரிடமாவது முழுதாகச் சொல்லவேண்டும், கேட்கிறவர் தீர்ப்பும் சொல்லக்கூடாது, "பரவாயில்லை விடுங்கள்" என்றும் சொல்லக்கூடாது. உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வாருங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சட்டமே சொல்கிற சில விதிவிலக்குகள் தவிர, நீங்கள் சொல்வது வெளியே போகக்கூடாது.

கோர்ட்_குமாஸ்தா | புதன், காலை 8:05

சுருக்கமாக. சர்வீஸில் சேரும்போது மருத்துவப் பதிவில் இல்லாத நோய் பிறகு வந்து, அதனால் வெளியே அனுப்பப்பட்டால், சர்வீஸால் வந்தது என்றுதான் எடுத்துக்கொள்ளவேண்டும், இல்லை என்றால் மருத்துவக் குழு காரணம் எழுதவேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊனமுற்றோர் ஓய்வூதிய வழக்குகள் பலவும் அதை வைத்துத்தான் நடக்கின்றன. சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. ஆனால் 2023 செப்டம்பரில் விதிகள் மாறியிருக்கின்றன, அதற்குப் பிறகு வெளியே வருகிறவர்களுக்குக் கணக்கு வேறு.

உங்கள் அப்பா முழு சர்வீஸ் முடித்து வந்தவர், அதனால் வழக்கு என்று ஆசை காட்டமாட்டேன். காகிதங்களை மட்டும் பத்திரமாக வையுங்கள். இன்னொரு கவலை, அக்னிவீரர்கள். நான்கு வருடத்தில் முக்கால்வாசிப் பேர் வெளியே வருவார்கள், பென்ஷனும் இல்லை, ஈ.சி.எச்.எஸ்.ஸும் இல்லை. அவர்களில் ஒருவனுக்கு இது வந்தால் எந்தக் கவுன்டரில் போய் நிற்பான்?

பேரையூர்ப்பொண்ணு | வியாழன், இரவு 8:18

எல்லாருக்கும் நன்றி. பெரியம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். தாயத்து கட்டட்டும், குலதெய்வத்துக்குக் கிடாவும் வெட்டட்டும், ஆனால் எங்கேயும் கொண்டுபோய்த் தங்கவைப்பது கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, அதனால் மறுத்துப் பேசவில்லை.

அப்பாவிடம் தூக்கத்தைப் பற்றி மட்டும் பேசினேன். "பி.பி. பார்க்கப் போறதுதானே, கேட்டுட்டு வருவோம்" என்றார். ரோடு பார்ட்டியில் இருந்தவர் ஒருவர் எழுதியிருக்கிறார் என்று சுபேதார் ஐயா பதிவை வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "எந்த செக்டராம்?" என்று மட்டும் கேட்டார். ஐயா, அவரிடம் போனில் பேச முடியுமா? தனிச்செய்தியில் எண் அனுப்புகிறேன்.

ஓய்வுசுபேதார் | வியாழன், இரவு 8:40

அனுப்பு மகளே. சாயங்காலம் ஆறு மணிக்குள் கூப்பிடுகிறேன், ரம்முக்கு முன்னால். வியாதியைப் பற்றிப் பேசமாட்டேன், யூனிட் கதை பேசிக்கொள்கிறோம்.

ஜில்ஜில்ஜிகர்தண்டா | வியாழன், இரவு 9:05

பாலிகிளினிக் போகும்போது ஈ.சி.எச்.எஸ். அட்டை, டிஸ்சார்ஜ் புத்தகம், பழைய சீட்டு, காலி மாத்திரை அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ரம் எவ்வளவு என்பதை அம்மா சொல்லட்டும், அளவைக் குறைக்காமல். அம்மாவும் உள்ளே வரட்டும். டாக்டர் தனியாகப் பேசவேண்டும் என்றால் வெளியே உட்காருங்கள்.

பேரையூர்ப்பொண்ணு | வியாழன், இரவு 9:11

முந்தின நாள் மாத்திரை, ரம் இரண்டையும் நிறுத்திவிட்டு வரவா? ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறாக இருக்கவேண்டுமா?

ஜில்ஜில்ஜிகர்தண்டா | வியாழன், இரவு 9:14

எதையும் நீங்களாக நிறுத்தவேண்டாம். இரண்டையும் சேர்த்து எடுக்கிறார் என்பதை உள்ளே போனதும் முதல் வேலையாகச் சொல்லுங்கள். நிறுத்துகிற முறையை டாக்டர் எழுதிக் கொடுப்பார். அதற்குள் நடுக்கம், வலிப்பு, குழப்பம் வந்தாலோ மூச்சு மந்தமானாலோ தேதிக்குக் காத்திராமல் 108ஐக் கூப்பிடுங்கள். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டே வாருங்கள். ரத்தம் வேண்டுமென்றால் வேறொரு நாள் வெறும் வயிற்றோடு வரச்சொல்வார்கள்.